சிமெண்டுக்குள் பிழைக்கும் கண்ணாடி இழை

ஈ-கிளாஸ் ரோவிங் (கண்ணாடி இழைக் கற்றை) சுருள் ஒன்றையும் ஏ.ஆர். கிளாஸ் ரோவிங் சுருள் ஒன்றையும் லேபிளைக் கிழித்துவிட்டு அருகருகே வைத்தால், எது எதுவென்று கண்ணால் பிரிக்க முடியாது. இரண்டும் வெள்ளை, இரண்டிலும் அதே மினுமினுப்பு, கையில் பட்டால் அதே அரிப்பு. முன்னது படகும் தண்ணீர்த் தொட்டியும் செய்பவர்கள் வாங்கும் சாதாரண ஃபைபர். எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. பின்னது காரத்தைத் தாங்குவதற்கென்றே செய்த கண்ணாடி, விலை கூடுதல். ஜி.ஆர்.சி. எனப்படும், கண்ணாடி இழை சேர்த்த சிமெண்டில் வார்க்கும் ஜாலியிலோ முகப்புப் பலகையிலோ ஈ-கிளாஸைப் போட்டு, வார்த்த சில நாட்களில் வளைத்துப் பார்த்தால் நல்ல வலுவே காட்டும். கேடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சில மழைக்காலம் நனைந்த பின் உள்ளே இழை என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. 12 மி.மீ. தடிப்புள்ள வெறும் சிமெண்ட் காரைதான் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே இந்தப் பொருளைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டிய இடம் அதன் வலிமை அல்ல, ஆயுள். அந்த இழை சிமெண்டுக்குள் எவ்வளவு காலம் இழையாகவே இருக்கும்? வாங்குவது, கலப்பது, க்யூரிங் (ஈரம் காத்து இறுகவிடுவது), சுவரில் பொருத்துவது என்று எல்லா முடிவும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வர வேண்டும்.

காரம் என்ன செய்கிறது

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது, அதன் நுண்துளைகளில் தங்கும் நீர் கடும் காரமாகிவிடுகிறது. பி.எச். அளவு 12.5-க்கு மேலே, பல சமயம் 13-ஐயும் தாண்டும். கம்பிக்கு இந்தக் காரம் நண்பன். துருப்பிடிக்காமல் காப்பதே அதுதான். கண்ணாடிக்கோ பகை. கண்ணாடியின் எலும்புக்கூடு சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்த வலை. ஹைட்ராக்சைடு அயனிகள் அந்தப் பிணைப்பை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். 14 மைக்ரான் விட்டமுள்ள நூலில், மேற்பரப்பில் ஒரு சிறு பள்ளம் விழுந்தாலே இழுவலிமை சரிந்துவிடும்.

இதற்கு மருந்தாக வந்தது ஜிர்கோனியா. ஜிர்கோனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பிணைப்பைக் காரம் எளிதில் கரைப்பதில்லை. மேலே இருக்கும் சிலிக்கா கொஞ்சம் கரைந்தாலும் ஜிர்கோனியம் அங்கேயே தங்கி, ஒரு காப்புப் படலமாக மாறி, உள்ளே போகும் அரிப்பை மந்தமாக்கும். இன்றைய தரநிலைகளான அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். சி 1666, ஐரோப்பாவின் இ.என். 15422 ஆகிய இரண்டும் எடையில் குறைந்தது 16 சதவீதம் ஜிர்கோனியா இருக்க வேண்டும் என்கின்றன. ஈ-கிளாஸில் அது சேர்க்கப்படுவதே இல்லை. ஜிர்கோனியா சேரச் சேரக் கண்ணாடி உருகும் வெப்பமும் குழம்பின் பிசுபிசுப்பும் ஏறும். நூலாக இழுப்பது கடினமாகும். விலை ஏறுவதற்குக் காரணம் இதுவே. அந்த ஜிர்கோனியாவின் மூலப்பொருள் ஜிர்கான் மணல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட்டோடும் மோனசைட்டோடும் சேர்த்துப் பிரித்தெடுக்கப்படுகிறதே, அதே மணல்தான்.

1950-களில் சோவியத் ஒன்றியத்தில், கீவ் நகரில் பிர்யுகோவிச் குழுவினர் வேறு வழியில் முயன்றார்கள். இழையை மாற்றாமல் சிமெண்டை மாற்றினார்கள். காரம் குறைந்த உயர் அலுமினா சிமெண்டோடு சாதாரணக் கண்ணாடி இழையைச் சேர்த்தார்கள். அந்தச் சிமெண்டுக்கு வேறொரு குறை உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதன் படிகங்கள் உருமாறி வலுவிழக்கும். 1973, 1974-இல் இங்கிலாந்தில் பள்ளிக்கூடக் கூரைகள் இடிந்து விழுந்ததோடு, கட்டமைப்பு வேலைகளில் அதன்மீது இருந்த நம்பிக்கை போனது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டிலேயே பிழைக்கும் கண்ணாடியை, வாட்ஃபோர்டுக்கு அருகே கார்ஸ்டனில் உள்ள கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஏ.ஜே. மஜும்தார் 1960-களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தார். பில்கிங்டன் நிறுவனம் அதை 1971-இல் செம்-ஃபில் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. லண்டன் கேனன் தெருவின் 30-ஆம் எண் கட்டடம் 1977-இல் முழுவதுமாக ஜி.ஆர்.சி. பலகைகளால் போர்த்தப்பட்டது. இன்று அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் 'காரம் தாங்கும்' என்ற பெயரை நம்பி முழுக்க நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஜிர்கோனியா வேதி அரிப்பை மந்தப்படுத்துகிறது, அவ்வளவே. இரண்டாவது எதிரி ஒன்று இருக்கிறது. ரோவிங்கில் உள்ள ஒரு சிறு கற்றையில் சுமார் 200 நூல்கள் இருக்கும். புதிதாக இருக்கும்போது அவற்றுக்கிடையே வெற்றிடம் உண்டு. பலகை வளையும்போது உள்நூல்கள் வழுக்கிக்கொண்டு நகரும். அந்த வழுக்கலில்தான் பலகை முறியாமல் தாக்குப்பிடிக்கிறது. பலகை ஈரத்திலேயே இருந்தால், சிமெண்ட் வெளியிடும் கால்சியம் ஹைட்ராக்சைடு அந்த வெற்றிடத்தில் படிகமாக வளர்ந்து கற்றையை இறுக்கிவிடும். நூல் நகர முடியாது, ஒடிந்துவிடும். அரிப்பே இல்லாமல்கூடப் பலகை மொறுமொறுப்பாகிவிடுவது இப்படித்தான். தயாரிப்பாளர்கள் நூலின் மேற்பூச்சையே மாற்றி இதைக் கொஞ்சம் தடுத்தார்கள். பலகை செய்பவர் கையில் உள்ள வழி, சிமெண்டில் 10 முதல் 25 சதவீதம் மெட்டாகயோலின் (சுட்ட களிமண் தூள்) போன்ற பொசோலானா சேர்ப்பது. அது கால்சியம் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடும். தண்ணீர் கூடுதலாகக் கேட்கும் என்பதால் சூப்பர்பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையைத் தளர்த்தும் ரசாயனம்) அளவைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கடற்கரை ஊர்களில் நிற்கப்போகும் முகப்புக்கு இந்தச் செலவைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும்போது

சான்றிதழில் ஜிர்கோனியா சதவீதத்தைப் பாருங்கள், அது எந்தத் தொகுதி எண்ணுக்கு உரியது என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ்-கதிரால் தனிமங்களைக் கண்டறியும்) கருவி வைத்திருக்கும் லேபில் ஒரு பிடி இழையைக் கொடுத்தால் போதும். ஜிர்கோனியம் இருக்கிறதா என்பது நொடிகளில் தெரிந்துவிடும். பழைய உலோகம் வாங்குவோரிடமும் இந்தக் கருவி உண்டு. அடர்த்தியும் ஒரு தடயம்: ஏ.ஆர். கிளாஸ் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம், ஈ-கிளாஸ் 2.6-ஐ ஒட்டி. வித்தியாசம் சிறியது, நல்ல தராசும் பொறுமையும் வேண்டும்.

சொந்தமாகப் பார்க்க விரும்பினால், இரண்டு வகை இழையையும் எடை போட்டு, 80 டிகிரி சூட்டில் வைத்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு நாள் ஊறவிட்டு, கழுவி, காயவைத்து மறுபடி எடை போடுங்கள். ஈ-கிளாஸ் எடை இழந்து, விரலில் தேய்த்தால் பொடியும். கண்ணாடிக் கூம்புக் குடுவையில் இதைச் செய்யாதீர்கள், குடுவையையும் காரம் தின்னும். ஸ்டெயின்லெஸ் அல்லது பாலிபுரொப்பிலீன் பாத்திரம், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை அவசியம். லேபில் செய்யும் முறையான சோதனை வேறு: இழைக் கற்றையின் நடுப்பகுதியைச் சிமெண்ட் கட்டியில் புதைத்து, 80 டிகிரி வெந்நீரில் 96 மணி நேரம் வைத்து, பிறகு இழுத்து அறுப்பார்கள். பெரிய வேலைக்கு ஆர்டர் கொடுக்குமுன் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பூச்சு வேலையில் சுவரும் தூணும் சேரும் இடத்தில் ஒட்டும் பச்சை, நீல நிற மெஷ் பெரும்பாலும் வேறு சரக்கு. 'அல்கலி ரெசிஸ்டண்ட்' என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே ஈ-கிளாஸ்தான், மேலே பாலிமர் பூச்சு. பூச்சில் விரிசல் வராமல் தடுக்கும் வேலைக்கு அது போதும். பலகையின் வலுவுக்கு அதை நம்பக் கூடாது. ஃபைபர் கம்பி என்று விற்கும் ஜி.எஃப்.ஆர்.பி. கம்பியும் தனி, அங்கே இழையைக் காப்பது ரெசின். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு செய்து வளாகத்தில் மாதிரி வீடு கட்டிய ஜி.எஃப்.ஆர்.ஜி. சுவரில் இழை கிடப்பது ஜிப்சத்துக்குள். ஜிப்சம் காரத்தன்மை கொண்டதல்ல என்பதால் அங்கே ஜிர்கோனியாவுக்கு வேலையில்லை.

கலவையும் ஸ்ப்ரேயும்

முகப்புப் பலகைக்கு ஸ்ப்ரே முறையே சிறந்தது. ஒரு மூட்டைக் கணக்கு இப்படி வரும்: சிமெண்ட் 50 கிலோ, சிலிக்கா மணல் 50 கிலோ, 50 சதவீதம் திடப்பொருள் உள்ள அக்ரிலிக் பாலிமர் 5 கிலோ, தண்ணீர் 14.5 கிலோ, சூப்பர்பிளாஸ்டிசைசர் அரைக் கிலோ. பாலிமருக்குள்ளேயே 2.5 கிலோ தண்ணீர் இருப்பதால் மொத்தத் தண்ணீர் 17 கிலோ, சிமெண்டுக்கு 0.34 விகிதம். பாலிமரில் உள்ள தண்ணீரைக் கழிக்க மறப்பதுதான் பல பட்டறைகளில் கலவை நீர்த்துப்போவதற்குக் காரணம். மொத்தம் 120 கிலோ. இழை மொத்த எடையில் 5 சதவீதம் வேண்டுமென்றால் 6.3 கிலோ. இதில் 12 மி.மீ. தடிப்பில் சுமார் 5 சதுர மீட்டர் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 24 கிலோ எடை, 100 மி.மீ. தடிப்புள்ள ப்ரீகாஸ்ட் கான்கிரீட் பலகை என்றால் 240 கிலோ. கம்பி போட்டால் அதை மூடவே 20, 25 மி.மீ. கவர் தேவைப்படும். துருப்பிடிக்காத இழைக்கு அந்தக் கவர் தேவையில்லை என்பதுதான் இந்த மெல்லிய பலகையின் அடிப்படை.

மணல் கழுவி உலர்த்தியதாக, 1.2 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். எம்-சாண்டைச் சல்லடை போட்டுப் பயன்படுத்தலாம், ஆனால் தூள் மிகுந்தால் தண்ணீர் குடிக்கும், சுருக்கமும் கூடும். 150 மைக்ரானுக்குக் கீழ் போகும் தூள் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். பாலிமர் அக்ரிலிக்காகவே இருக்கட்டும். பி.வி.ஏ. பசை ஈரத்தில் மறுபடி கரையும், எஸ்.பி.ஆர். என்ற ரப்பர் பால்மம் வெயிலில் மஞ்சளாகும்.

முதலில் இழை இல்லாத முகப்புக் கலவையை மோல்டில் மெல்லிசாக அடிப்பார்கள். அது இறுகத் தொடங்கி, ஆனால் முழுக்க இறுகிவிடாத நிலையில் இழைக் கலவை ஏற வேண்டும். சீக்கிரம் அடித்தால் இழை முகப்பைத் துளைத்து வெளியே தெரியும். தாமதித்தால் இரண்டும் ஒட்டாமல் பின்னாளில் தகடாகக் கழன்று வரும். தமிழ்நாட்டுக் கோடையில் இந்த இடைவெளி மிகவும் குறுகியது. குளிர்ந்த தண்ணீரில் கலப்பதும், மோல்டை நிழலில் வைப்பதும், மதியம் ஸ்ப்ரேயை நிறுத்திவைப்பதும் பலன் தரும்.

சாப்பர் கன் ரோவிங்கை 25 முதல் 40 மி.மீ. வரை வெட்டிக் கலவையோடு சேர்த்து வீசும். தினமும் வேலை தொடங்குமுன் கன்னை அளந்து பார்க்காமல் தொடவே கூடாது. கலவையை மட்டும் 30 விநாடி வாளியில் பிடித்து எடை போடுங்கள். இழையை மட்டும் 15 விநாடி பையில் பிடித்து எடை போடுங்கள். வாளியில் 6 கிலோ விழுந்தால் பையில் 158 கிராம் விழ வேண்டும். அதுதான் 5 சதவீதம். பிளேடு தேய்ந்தால் இழை வெட்டுப்படாமல் நீளமாக வரும், காற்றழுத்தம் குறைந்தால் அளவு குறையும். கண்ணுக்குப் பழகிப்போனவர்கள்கூட இந்த மாற்றத்தைக் கவனிக்கத் தவறுவார்கள். எடை தவறாது.

ஒரு முறைக்கு 3, 4 மி.மீ. அடித்து, குறுக்கும் நெடுக்குமாக ரோலர் போட்டு இழையை அழுத்த வேண்டும். ரோலர் காற்றை வெளியேற்றி இழையைக் கலவையில் முழுகடிக்கும். மூன்று, நான்கு அடுக்கில் தடிப்பு வந்துவிடும். எல்லாத் தவறும் மூலையில்தான் நடக்கும். கன்னைச் சாய்த்துப் பிடித்தால் இழை ஒரு பக்கமாகக் குவியும். உள்மூலையில் இழை பாலம் போல நின்று அடியில் வெற்றிடம் விழும். சிறிய மூலை ரோலரோடு அங்கே நேரம் செலவழிப்பவர்தான் நல்ல கைகாரர். முள் அளவியால் சதுர மீட்டருக்கு ஓரிடமாவது தடிப்பைக் குத்திப் பார்க்க வேண்டும். அன்றைய கலவையிலேயே ஒரு சோதனைப் பலகையும் அடிக்க வேண்டும். அதில் ஒரு துண்டை ஈரமாக இருக்கும்போதே சல்லடையில் கழுவினால் மிஞ்சும் இழையின் எடை உண்மையான சதவீதத்தைக் காட்டும். மற்றதை 28-ஆம் நாள் வளைத்துப் பார்க்கலாம்.

சிறிய ஜாலி, கைப்பிடிச் சுவர் உருப்படிகளுக்கு ப்ரீமிக்ஸ் (இழையைக் கலவையிலேயே கலந்து வார்ப்பது) போதும். 12 மி.மீ. இழை, எடையில் சுமார் 3 சதவீதம். சிமெண்ட், மணல், தண்ணீரை வேகமாக அடித்து முடித்த பிறகே இழையைப் போட்டு, மெதுவான சுழற்சியில் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் சுற்றினால் கற்றை பிரிந்து பஞ்சாகி, கலவை கட்டியாகிவிடும். தளர்த்தத் தண்ணீர் ஊற்றுவார்கள், பலகை கெடும். ப்ரீமிக்ஸில் இழை எல்லாத் திசையிலும் கிடப்பதால் வளைவுவலு ஸ்ப்ரேயை எட்டாது. பிரிட்டிஷ் ஜி.ஆர்.சி. சங்கத்தின் தர வகையில் ப்ரீமிக்ஸ் 8 அல்லது 10, ஸ்ப்ரே 18. அந்த எண் முறியும் அழுத்தம், மெகாபாஸ்கலில்.

எந்த எண்ணை நம்புவது

இங்கேதான் பெரும்பாலான விற்பனைத் தாள்கள் வாசகரைத் திசைதிருப்புகின்றன. ஜி.ஆர்.சி.யை வளைக்கும்போது இரண்டு எண்கள் கிடைக்கும். சிமெண்டில் முதல் விரிசல் விழும் அழுத்தம் ஒன்று. ஸ்ப்ரே பலகையில் 7 மெகாபாஸ்கலோ கொஞ்சம் கூடுதலோ. இழை தாங்கிப் பிடித்து, கடைசியில் முறியும் அழுத்தம் இன்னொன்று. 18 முதல் 25, 30 வரை. காலம் செல்லச் செல்ல, குறிப்பாக நனைந்து நனைந்து, இரண்டாவது எண் இறங்கி முதல் எண்ணை நோக்கி வரும். முதல் எண் பெரிதாக மாறாது. ஆகவே பலகையை வடிவமைக்கும் பொறியாளர் காற்றுச் சுமைக் கணக்கை முதல் விரிசல் அழுத்தத்துக்குக் கீழேயே முடித்துக்கொள்ள வேண்டும். முறியும் அழுத்தத்தைப் பாதுகாப்புக் காரணியால் வகுத்து எடுத்த கணக்கை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அது புதுப் பலகைக்கான கணக்கு. நாம் சுவரில் மாட்டப்போவது பழையதாகப்போகும் பலகை.

க்யூரிங்கைப் பற்றிச் சுருக்கமாக: பாலிமர் இல்லாவிட்டால் 7 நாள், 95 சதவீத ஈரப்பதத்தில் வைத்தாக வேண்டும். 12 மி.மீ. பலகை ஒரு மதிய வெயிலில் காய்ந்துவிடும். காய்ந்ததும் இறுகல் நின்றுவிடும், மறுநாள் தண்ணீர் ஊற்றி அதை மீட்க முடியாது. மேலே சொன்ன அளவில் அக்ரிலிக் இருந்தால் அது படலமாகி ஈரத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். அப்போதும் முதல் இரவு பாலித்தீன் போர்த்துவது அவசியம்.

சுவரில் மாட்டுவதில் நடக்கும் தவறு கலவையில் நடக்கும் தவறைவிட அதிகம் விரிசல் தருகிறது. ஜி.ஆர்.சி. நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். மீட்டருக்கு 1 மி.மீ. வரை. 3 மீட்டர் பலகையை நான்கு மூலையிலும் இறுக்கி வெல்டு வைத்தால் அது எங்கே போகும்? நடுவில் பிளக்கும். கீழே இரண்டு தாங்கிகள் எடையைச் சுமக்க, மற்றவை நீள்துளையோடும் வழுக்கும் வாஷரோடும் காற்றை மட்டும் தடுக்க வேண்டும். 1970-களின் சாண்ட்விச் பலகைகள், நடுவில் தெர்மோகோல் வைத்து இரண்டு பக்கமும் ஜி.ஆர்.சி. போர்த்தியவை, வளைந்து விரிசல் விட்டதும் இந்த நகர்வுக்கு இடம் இல்லாததால்தான். வெளித்தோல் வெயிலில் விரியும்போது உள்தோல் அதைப் பிடித்து இழுத்தது. முகப்பில் வெள்ளை சிமெண்டும் பின்னே சாம்பல் சிமெண்டும் வெவ்வேறு மணல் விகிதத்தில் போட்டாலும் பலகை இதே காரணத்தால் வளையும். மாட்டும் சாக்கெட் ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும். அதைச் சுற்றி இழைக் கலவையையே கையால் வைத்து அழுத்துங்கள், மிச்சம் கிடக்கும் இழையில்லாக் காரையை அள்ளி அப்பாதீர்கள்.

ரெடிமிக்ஸ் கான்கிரீட்டில் போடும் தரைத் தளங்களிலும் இதே இழையைப் போடுகிறார்கள், வேறு நோக்கத்தில். தனித்தனி நூலாகப் பிரியும் 12 மி.மீ. வகை, கன மீட்டருக்கு 0.6 கிலோ. கேட்க அற்பமாகத் தோன்றும். 14 மைக்ரான் நூல் ஒரு கிலோவில் சுமார் 20 கோடி இருக்கும் என்பதால் 12 கோடி நூல்கள் அந்தக் கன மீட்டருக்குள் பரவுகின்றன. கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்தில், மேற்பரப்பு வேகமாகக் காய்ந்து வரும் நுண்விரிசலை அவை தடுக்கும். பாலிபுரொப்பிலீன் நூல் தண்ணீரைவிட லேசு, மேலே மிதந்து மயிராக நிற்கும். கண்ணாடியின் அடர்த்தி கான்கிரீட்டை ஒட்டியது என்பதால் தளம் வழவழப்பாக முடியும். அந்த அளவில் அது கம்பிக்கு மாற்றே அல்ல. ஸ்லாபில் எட்டு எம்.எம். கம்பியை எடுத்துவிட்டு இழையைப் போடலாம் என்று யாராவது சொன்னால் வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். லாரியில் இழையைக் கொட்டியபின் கன மீட்டருக்கு ஒரு நிமிடம் சுற்றவிடுங்கள், ஸ்லம்ப் (கலவையின் தளர்வு) குறைந்தால் தண்ணீருக்குப் பதில் அட்மிக்ஸ்சர் சேருங்கள். தளத்துக்கு ஈரச் சாக்குப் போர்த்தி ஏழு நாள் நனைப்பதை இழை போட்டதற்காகக் குறைக்க வேண்டாம்.